சுவரில் ஏறாத இரண்டு ஸ்பீக்கர்கள்

ஐந்து ஸ்பீக்கர்களில் மூன்று ஒரே மணி நேரத்தில் டிவி மேசைமேல் உட்கார்ந்துவிட்டன. மீதி இரண்டும்தான் என் உயிரை வாங்கின. அவை சோபாவுக்குப் பின்னால், காதுக்குக் கொஞ்சம் மேலே, சுவரில் இருக்க வேண்டும். அப்போதுதான் படத்தில் மழை பெய்தால் நம் முதுகுக்குப் பின்னாலும் பெய்யும். அதற்காகத்தான் அவ்வளவு பெரிய பெட்டியை மலாக்கா டவுனிலிருந்து பெம்பானில் இருக்கும் வீடு வரைக்கும் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன்.

"அம்மா, டிரில் எங்க?" என்று கேட்டேன்.

"பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். புள்ள பொறக்குற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்கக் கூடாது" என்றார் அம்மா.

மனைவிக்கு அப்போது நான்காவது மாதம். அதற்கு முன் ஒருமுறை உண்டாகி, மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. இதுவாவது தங்க வேண்டும் என்பதுதான் வீட்டில் எல்லோருடைய வேண்டுதலும், என்னுடையதும்தான். அதனால் கோயிலில் தேங்காய் உடைப்பதை விட்டேன். முடி வெட்டுவதையும் விட்டேன். ஆபீசில் சாமியார் என்று கிண்டல் செய்தார்கள், பொறுத்துக்கொண்டேன். அதெல்லாம் நம் ஆட்கள் காலங்காலமாகச் சொல்வது, போகட்டும். இந்த ஆணி விவகாரம் நம்முடையதே இல்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சொல்லி அம்மா பிடித்துக்கொண்டது.

"ரப்பர் தோட்டத்துல இருந்த காலத்துல இப்படிக் கூடாதுன்னு ஒரு பந்தாங் கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றேன்.

"தோட்டத்துல ஏதுடா டிரில்லு?"

கோபத்தில் அந்த ஆன்ட்டி வீட்டுக்கே போய் டிரில் இரவல் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தாக் போலே லா! துங்கு பேபி கெலுவார் டுலு!" முடியவே முடியாதாம், முதலில் குழந்தை வெளியே வரட்டுமாம். கேட்டைச் சாத்திவிட்டார்.

ஓட்டை போடாமல் மாட்டிக் காட்டுகிறேன் என்று வீம்பாக இறங்கினேன். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வாங்கி ஒட்டினேன். ஒரு நாள் முழுக்கத் தொங்கிய ஸ்பீக்கர், மறுநாள் காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ச் சாயத்தைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அடுத்து இரண்டு ஸ்டாண்டு வாங்கினேன். சோபாவின் ஒரு பக்கம் சமையலறைக்குப் போகும் வழி. அங்கே வைத்த ஸ்டாண்டில் அம்மா கால் தடுக்கி, குழம்புச் சட்டியோடு சாயப் பார்த்தார். ஸ்டாண்டும் வெளியே போனது. எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் மனைவி மட்டும் வாயே திறக்கவில்லை. இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை அவள். என் கட்சி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பள்ளியில் மாற்று வகுப்பு இருந்தது. அம்மா ஜாசின் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார். ஆபீஸ் நண்பரிடம் டிரில் வாங்கி, முதல் நாளே காரில் ஒளித்து வைத்திருந்தேன். சோபாவை இழுத்துப் போட்டேன். மட்டம் பார்த்துப் பென்சிலால் புள்ளி வைத்தேன். சுவரில் டிரில்லை அழுத்திய நொடியிலேயே அது நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று ஏசிக்கொண்டே திரும்பினேன்.

பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மனைவி நின்றாள். வகுப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது போலிருக்கிறது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நீயுமா? சயின்ஸ் சொல்லிக் குடுக்கிற ஆளு நீ! அம்மாவுக்குத்தான் தெரியல, ஒனக்குமா?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "எனக்கும் தெரியும்ங்க. அது கலைஞ்சப்ப, யார் தப்பும் இல்ல, நெறைய பேருக்கு இப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாரு, நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள். பிறகு பிளக்கின் வயரைக் கையில் சுற்றினாள். "போன தடவ ரூமுல கர்ட்டன் கம்பி மாட்ட நாலு ஓட்ட போட்டீங்க. அத்த அப்ப உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தாங்க. அதுக்கு அடுத்த வாரந்தான் அது போச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா உங்களத்தான் ஏசுவாங்க."

கர்ட்டன் கம்பி மாட்டியது எனக்கு நினைவிலேயே இல்லை. டிரில்லைக் கீழே வைத்தேன். அவ்வளவும் தற்செயல்தான் என்று அவளுடைய படிப்பு அவளுக்குச் சொல்லியிருக்கும். மனம் கேட்டிருக்காது. ஒன்றரை வருஷமாக, அது நான் போட்ட ஓட்டையால்தான் போனதோ என்ற பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். சாயங்காலமே டிரில்லை நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஐந்து ஸ்பீக்கரையும் டிவி மேசையிலேயே நெருக்கி வைத்தேன். மழை முன்னாலேயே பெய்துவிட்டுப் போகட்டும்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா பெருமையாகச் சொல்கிறார்: "ஒரு ஆணி அடிக்க உடலயே நானு! அதான் புள்ள முழுசா வந்து சேந்துச்சு." அதெல்லாம் ஒன்றுமில்லை என்று மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அம்மா அந்தப் பேச்சைத் தொடங்கியதுமே மனைவி என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, "தேத்தண்ணி கலக்கட்டுமா?" என்று வந்தவர்களைக் கேட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறாள்.