படகு இல்லாத ஏரி

லாத்தா, அதாவது என் அக்கா, இப்போதெல்லாம் வரைகிற பெரிய படங்களின் முன்னால் நின்று "ஒண்ணுமே இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் படத்தை அவர்கள் பார்த்ததில்லை.

சுனாமிக்கு முந்தின வருஷம், பொன்னேரிக்கு பஸ்ஸில் கல்லூரி போய்வந்த நாட்களில் அவள் வரைந்த பழவேற்காடு ஏரி அது. படகுகள், கலங்கரை விளக்கம், வலை இழுப்பவர்கள், பூநாரைகள் எல்லாம் இருந்தன. வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கூடத்தில்தான் அவர் தொழுவார்; தொழுகிற இடத்தில் உயிருள்ளவற்றின் உருவம் இருக்கக் கூடாது.

"உசுரு உள்ளத மட்டும் எடுத்துடும்மா. இங்கியே மாட்டிடலாம்."

லாத்தா முகம் சுளிக்கவில்லை. ஆட்களின் மேலும் பறவைகளின் மேலும் தண்ணீரின் நிறத்தைப் பூசினாள். பிறகு தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் படகுகளும் இல்லை, கலங்கரை விளக்கமும் இல்லை. சாம்பல் நிறத் தண்ணீர், ஒரு கோடு மணல், வானம், அவ்வளவுதான்.

வாப்பா பதறிப்போனார். "படகு இன்னாம்மா பண்ணுச்சு? அத நான் எடுக்கச் சொல்லலியே!"

"அது இருந்தா எல்லாரும் அதையே பாத்துக்கினு இருக்காங்க வாப்பா. தண்ணிய யாருமே பாக்கல."

அவர் சுத்தியலைக் கொண்டுவரச் சொன்னார். ஆணி அடித்து மாட்டிவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், மெல்ல, "காத்து ஜாஸ்தியா இருக்குதுல்ல?" என்றார்.

கூடத்து ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.