சித்தி பார்க்க வந்த கண்காட்சி

என் சேகரிப்பில் என்னென்ன இருக்கின்றன என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பர்மிய மரப்பாவையில் தொடங்கி ஆளைக் களைப்படைய வைத்துவிட்டுத்தான் ஓய்வேன். இந்தப் பைத்தியம் பிடித்தது ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது. பிடிக்க வைத்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்துக் கொட்டகலைக்குப் படிப்பிக்க வந்திருந்த டீச்சர். "பழைய சாமான் எண்டு எறியாதேங்கோ பிள்ளையள். கையால செய்ததெல்லாம் கலைதான்" என்று அவர் சொன்னதை வகுப்பு அன்றே மறந்துவிட்டது. நான் மட்டும் அன்று மாலையே வேட்டைக்குக் கிளம்பிவிட்டேன்.

டீச்சரே ஒரு பனையோலைப் பெட்டி தந்தார். கடைவீதியில் பழைய போத்தல் வாங்குகிறவரிடம் கெஞ்சிப் பித்தளைச் சுண்ணாம்பு டப்பி ஒன்று கிடைத்தது. காமன் கூத்து முடிந்த திடலில், கண்ணாடித் துண்டு பதித்த கிரீடத்தில் பாதி. கீழ்க் கிராமத்துச் சிங்களத் தச்சர், காது உடைந்த பேய் முகமூடியொன்றைச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டுச் சன்னலுக்கு மேலிருந்த பலகையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். அம்மா விளக்கேற்றும்போது முகமூடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஊருல பேய ஓட்டுறதுக்குப் பூசாரியத் தேடுறாங்க. இவ கூட்டியாந்து பலகையில குந்த வச்சிருக்கா."

தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன சமயம் அது. தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரை, பங்களாவின் சாமான் அறையைக் காலிசெய்து குப்பையைக் கொளுத்தச் சொன்னார். பங்களாவில் சமையல் பார்த்த பெரியப்பா, அந்தக் குப்பையிலிருந்து ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "இந்தா, ஒன் மியூசியத்துக்கு. எந்த வெள்ளக்காரத் தொரை விட்டுட்டுப் போனதோ."

ஒரு சாண் உயர மர உருவம். கூம்பிய கொண்டை, உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, குட்டைக் கால்கள். முகம் மட்டும் ஆற்றுக் கல்லைப்போல வழுவழுவென்று, மூக்கும் வாயும் இருந்த இடம் தெரியாமல். அது எந்த நாட்டுப் பொருள் என்று தெரியவே எனக்குப் பல வருடங்கள் ஆயின. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள் செய்வதாம். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று இறந்துவிட்டால் அதற்காக ஓர் உருவம் செதுக்கித் தாயிடம் கொடுப்பார்கள். அவள் அதைக் குளிப்பாட்டுவாள், எண்ணெய் தேய்ப்பாள், ஊட்டுவாள். அவள் கை பட்டுப் பட்டே முகம் தேய்ந்துபோகும். இதெல்லாம் பிற்பாடு புத்தகத்தில் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னிடம் வெளிநாட்டு மரச்சிற்பம் இருக்கிறது, வேறு எவரிடமும் இல்லை என்பதுதான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பலகையில் அது இல்லை.

பக்கத்து வீட்டில் அம்மாவின் தங்கை, என் சித்தி, இருந்தாள். கொஞ்ச நாளுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்து, தங்கவில்லை. கட்டியிருந்த சேலைத் தொட்டிலைச் சித்தப்பா இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சித்தி கால்களை நீட்டி உட்கார்ந்து, அவற்றின்மேல் என் சிற்பத்தைக் குப்புறக் கிடத்தி, கையால் தடுத்துத் தடுத்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ சித்தி! பழைய சாமானக் குளிப்பாட்டக் கூடாது! கெட்டுப் போயிரும்!"

"ஒரே தூசியா இருந்துச்சு பாப்பா. கண்ணு, காதெல்லாம்…"

"அதுக்குக் கண்ணே இல்ல. குடுங்க!"

அம்மா ஓடிவந்து என் தொடையில் கிள்ளினாள். "ரெண்டு நாளு அவகிட்ட இருந்தா நீ என்னடி கொறஞ்சா போயிருவ?"

"எனக்குத்தான பெரியப்பா குடுத்தாரு!" லயமே வெளியே வந்து பார்க்கிற மாதிரி நான் கத்தினேன்.

சித்தி அதைத் துவட்டினாள். நெற்றியில் மை வைக்கப் போன விரலைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டு, துண்டோடு என்னிடம் நீட்டினாள்.

"தலையப் புடிச்சுக்க."

அரிய பொருளை எப்படித் தூக்குவதென்று சித்திக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

அதன்பிறகு அந்தியில் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும்போதெல்லாம், கூடையைக்கூட இறக்காமல் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் பனையோலைப் பெட்டியில் தொடங்கி ஒவ்வொன்றாக விளக்குவேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள், கண் மட்டும் பலகையின் கடைக்கோடியில் இருக்கும்.

"சன்னலுக்குப் பக்கத்துல வச்சிருக்கியே, குளிராதா?" என்றாள் ஒருநாள்.

"குளிரெல்லாம் இல்ல சித்தி, ஈரம்தான் மரத்துக்கு ஆகாது" என்று திருத்திவிட்டு, அதை உள்பக்கமாக நகர்த்தி வைத்தேன். ரசிகை சொன்ன நல்ல யோசனை.

இப்படியொருத்தி கிடைத்த செய்தியை டீச்சரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "எங்க சித்திக்குப் பழைய பொருள்னா உசுருங்க டீச்சர். தெனமும் வந்து பாக்குறாங்க."

டீச்சருக்குச் சந்தோஷம். "நல்ல விஷயம். வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தா உதுக்கெல்லாம் எங்க நேரம்?"

"இல்லீங்க டீச்சர். அவங்க புள்ளதான் செத்துப்போச்சே. அதான் நேரம் இருக்கு."

சரியான விடை சொன்னால் டீச்சர் தலையாட்டுவார். அன்று ஆட்டவில்லை. சோக்குக் கட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதில் என்ன பிழை என்று யோசித்துக்கொண்டே நான் வீட்டுக்கு ஓடினேன். சித்தி வருவதற்குள் பலகையைத் தூசிதட்டி வைக்க வேண்டியிருந்தது.