வாயை மூடிக்கொண்டு ஒரு போட்டோ

எனக்கு இடது பக்கம் ஒரு சிங்கப்பல் உண்டு. அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தால் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். எனக்கு முந்தானை போடும் வயது வருமுன்பே ‘வாய மூடிச் சிரி’ என்ற உத்தரவு வந்துவிட்டது. அதனால் எங்கள் வீட்டு ஆல்பத்தில் நான் இருக்கும் படத்திலெல்லாம், யாரோ என் மிட்டாயைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி உம்மென்று நிற்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தில்லியில் வேலை கிடைத்தது. முனிர்காவில் ஒரு அறை, நேரு பிளேஸில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவு. இரண்டாவது குளிர்காலம் முடிகிற நேரத்தில் அம்மா போனில் விஷயத்தைச் சொன்னாள். மாமா ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார், தூத்துக்குடி மாப்பிள்ளை. பட்டுப்புடவை கட்டி நின்றபடி ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். கண்டிப்பாக வாய் மூடியிருக்க வேண்டும். படம் பிடித்துப்போனால் சித்திரையில் கல்யாணம், வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடலாம்.

எனக்குப் போக மனமே இல்லை. ஆனால் காரணம் கேட்டால் என்ன சொல்வது? மாப்பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே சந்தோஷமாக இருக்கிறேன் என்பதையெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு காரணமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

கூட வேலை பார்த்த தோழி தில்லியிலேயே, கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அவள் அப்பாவிடம் நல்ல கேமரா ஒன்று இருந்தது. ஸ்டூடியோவின் நீலத் திரைக்கு முன்னால் நின்றால் பாஸ்போர்ட் மாதிரி இருக்கும், நான் எடுக்கிறேன் என்றாள். தில்லியின் தெற்கு எல்லையைத் தாண்டியதும், ஆரவல்லிப் பாறைச் சரிவில், பிப்ரவரியில் மட்டும் ஒரு ஓவிய கிராமம் முளைக்கும். ஊர் ஊராக வந்த கலைஞர்கள் மண்குடிசை போட்டு, சுவரெல்லாம் படம் எழுதி, பக்கத்திலேயே குந்தியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே போவதென்று முடிவானது.

அரக்குக் கலர் பட்டு, ஆர்.கே.புரம் கோயில் வாசலில் வாங்கிய மல்லிகை, மேடேற வேண்டுமே என்று காலில் கேன்வாஸ் ஷூ. இந்தக் கோலத்தில் ப்ளூலைன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டரே எழுந்து இடம் கொடுத்தான்.

சரிவில் கால் வைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மஞ்சள் சுவரில் நீல யானை, காவிச் சுவரில் வெள்ளைக் கோட்டு மனிதர்கள் கைகோத்து ஆட்டம், ஒரு குடிசையின் கூரைவரைக்கும் சிவப்பு மீன். யானை நீலமாக இருக்கலாம் என்று இத்தனை நாளும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு சுவரின் முன்னாலும் தோழி என்னை நிறுத்தினாள். ஒவ்வொரு முறையும் உதட்டை இறுக்கிக்கொண்டேன், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று வந்து கெடுத்தது. ஒரு சுவரில் இருந்த புலி, மீசை உட்பட அச்சு அசல் எங்கள் மேனேஜர். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“அரே, வாயை பந்த் பண்ணுடி. ரோல் பாதி காலி” என்றாள் அவள்.

அப்போதுதான் ஒரு சர்தார் குடும்பம் மேலே ஏறி வந்தது. அந்த வீட்டு அம்மாள் என் புடவையை, பூவை, பின்னால் இருந்த புலியை எல்லாம் பார்த்துவிட்டு, ஆட்டம் எப்போது ஆரம்பம் என்று இந்தியில் கேட்டார். நான் தெற்கிலிருந்து வந்திறங்கிய நாட்டியக்காரி என்று அவருக்கு நினைப்பு. இல்லை என்று சொல்லக் கிடைத்த வார்த்தைகளை நான் கோத்து முடிப்பதற்குள், என் தோழி கண்ணைக்கூடச் சிமிட்டாமல், இதோ இப்போதுதான் என்று சொல்லிவிட்டாள்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அம்மாள் பேரன் பேத்திகளை என்னைச் சுற்றி நிறுத்தி போட்டோ எடுத்தார். அதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வரிசையில் நின்றது, அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். படம் எடுத்துக்கொள்ள வந்த நான் சுவரோடு சுவராக நானே ஒரு படமாகிவிட்டேன். யாரும் போகிற வழியாக இல்லை. பாறைகளில் சௌகரியமாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு ஹரியானா நகாராக்காரர் தன் முரசைத் தூக்கிக்கொண்டே வந்து, தாளம் என்ன என்று கேட்டார்.

எனக்குப் பரதமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் அடித்த கும்மி மட்டும் தெரியும். அதை அடித்தேன். கேன்வாஸ் ஷூவோடு, குனிந்து நிமிர்ந்து, கைதட்டிச் சுற்றினேன். இரண்டு சுற்று முடிவதற்குள் சர்தாரம்மாள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். சுவரில் மீன் எழுதிக்கொண்டிருந்த பீகார்ப் பெண்களும் சிவப்பும் மஞ்சளும் அப்பிய கைகளோடு வந்தார்கள். நகாரா வேகம் பிடித்தது. நாங்களும் பிடித்தோம். என் பட்டில் நாலு கை அச்சு விழுந்தது, மல்லிகைச் சரம் எங்கோ பறந்தது, மேனேஜர் புலி முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. சத்தியமாக இல்லை.

பிரிண்ட் போட்டு வந்ததும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ரோல் முழுக்கத் தேடியும் வாய் மூடிய படம் ஒன்றுகூட இல்லை. சர்தாரம்மாளோடு கும்மி அடிக்கையில் தோழி எடுத்த கடைசிப் படத்தில் கடைவாய்ப்பல் வரை தெரிகிறது. மறுபடி அங்கே போய் எடுக்க நாள் இல்லை, படம் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை ஊரில் எங்கள் வீட்டுக்கு வரப்போகிறார்கள். தோழி ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, அந்தக் கடைசிப் படத்தையே உறையில் போட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலையில் எஸ்டிடி பூத்திலிருந்து பக்கத்து வீட்டு நம்பருக்குப் பேசினேன். அம்மா வந்து ரிசீவரை எடுத்தாள். திட்டுக்குத் தயாராக இருந்தேன்.

“போட்டோவ அவங்கட்ட காட்டலட்டி” என்றாள்.

“ஏம்மா, நல்லா இல்லையா?”

“ரேடியோப் பெட்டி மேல வச்சிருக்கேன். நீ அங்கன இப்படித்தான் இருக்கியா?”

“ஆமாம்மா.”

“இங்க இருந்தப்ப ஒரு நாளாவது இப்படி இருந்தியா? நாந்தான வாய மூடு, வாய மூடுன்னே சொல்லிட்டுக் கெடந்தேன்.” மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “மாமாட்ட இப்பம் வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ அங்கனயே இரி.”

நான் வாய் திறப்பதற்குள் அம்மாவே அடுத்ததைக் கேட்டாள்.

“ஏட்டி, அந்த வாட்டசாட்டமான அம்மா யாரு? கும்மியில பின்னியிருக்கால்லா.”

சர்தாரம்மாள் என்னை நாட்டியக்காரி என்று நினைத்த கதையைச் சொன்னேன். ஷூவைச் சொன்னேன், நகாராவைச் சொன்னேன், மேனேஜர் புலியைச் சொன்னேன். அம்மா சிரித்தாள். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், பெருங்குரலில் சிரித்தாள். எப்போதும் அவள் சிரிப்பு முந்தானைக்குள்ளிருந்து மங்கலாகத்தான் வரும். அன்று ஆயிரத்தைந்நூறு மைல் தாண்டி, துணியே படாமல் வந்தது.