ஆசீர்வாதம் சொன்ன ஆட்டுக் கதை

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர் ஆசீர்வாதம். வேதத்தில் ஒரு வசனத்தைக் கொடுத்தால் போதும், ரெண்டு மணி நேரம் பேசுவார். புதன்கிழமை சாயங்காலமானால் அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, சபைக்காரர்கள் பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள். மூல மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எந்த உரைக்காரர் என்ன சொன்னார், அதை இன்னொருவர் எப்படி மறுத்தார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். அவர் மனைவி ஞானசௌந்தரி அடுப்படி வாசலில் நின்று கேட்பாள். பாதி புரியாது. ஆனாலும் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆசை ஆசையாகப் பேசுவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

போன வருஷம் ஒரு நாள் காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "சௌந்தரி, செருப்பு கொண்டா" என்றார். கொண்டுவந்து வைத்தாள். அவர் தலையை ஆட்டி, "செருப்பு, செருப்பு" என்று அடுப்பைக் காட்டினார். அவர் கேட்டது காபி. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததை அப்போதுதான் அவள் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கையும் காலும் மெல்ல வழிக்கு வந்தன. பேச்சுதான் வரவில்லை. மற்றவர்கள் சொல்வது புரிந்தது. தான் நினைத்த சொல் நாக்குக்கு எட்டவில்லை. வேதத்தைத் திறந்தால் ரெண்டு வரிக்குள் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோனது. மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். புதன்கிழமைக் கூட்டம் நின்றுபோனது.

டாக்டர் சொல்லி, ஸ்ரீரங்கத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ப்ரியம்வதாவிடம் போனார்கள். சித்திரை வீதியில் தன் வீட்டு முன்னறையிலேயே அந்தப் பெண் பயிற்சி நடத்தினாள். முதல் நாளே இவர்களை "மாமா", "மாமி" என்றாள். பிறந்ததிலிருந்து தன்னை யாரும் மாமி என்று கூப்பிட்டதில்லை என்பதால் சௌந்தரிக்குச் சிரிப்பாக வந்தது.

பூனை, குடை, டம்ளர் என்று படம் போட்ட அட்டைகளை ப்ரியம்வதா காட்டினாள். ஆசீர்வாதம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அட்டைகளைத் தள்ளிவிட்டார். முகம் சிவந்துவிட்டது. மறு வாரமும் அப்படியே.

"மாமாவுக்கு எதுல ஆசை மாமி?" என்று கேட்டாள் ப்ரியம்வதா.

"வேதம்தாம்மா. எங்க வேதம்" என்றாள் சௌந்தரி. வாசல் நிலையில் இருந்த சங்கு சக்கரம் ஞாபகம் வந்து, அந்த 'எங்க' என்பதைக் குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னாள்.

"அதிலேருந்து ஒரு கதை சொல்லுங்கோ. சின்னக் கதையா இருக்கணும். மாமாவுக்குப் பேச்சு வந்தா எனக்குச் சரி."

நூறு ஆடு வைத்திருந்தவன், காணாமல் போன ஒன்றைத் தேடிப் போன கதையைச் சௌந்தரி சொன்னாள். ப்ரியம்வதா பலகையில் ஓர் ஆட்டை வரைந்து, "இது என்ன மாமா?" என்றாள்.

அவர் உற்றுப் பார்த்தார். "நா... நாய்."

"இல்லை மாமா, ஆடு."

அவர் விடவில்லை. பலகையைக் காட்டி, "நாய்" என்று அழுத்திச் சொன்னார். சௌந்தரி எட்டிப் பார்த்தாள். காது தொங்கி, வால் சுருண்டு, அது நாயேதான். மூன்று பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேச்சு போன நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன்பின் வாரா வாரம் அந்தக் கதைதான். ஒரு நாள் 'ஆடு' வந்தது. ஒரு நாள் 'காணோம்'. பஸ்ஸில் காவிரிப் பாலம் கடக்கும்போதெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே வரும். "மெதுவாங்க, ஆடு எங்கயும் ஓடிடாது" என்பாள் சௌந்தரி.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, பழைய ஆட்கள் பழத்தோடு பார்க்க வந்தார்கள். ஜெபம் முடித்துக் கிளம்பலாம் என்றிருந்தபோது ஆசீர்வாதம் கையைத் தூக்கினார். சௌந்தரி அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். அத்தனை பேர் முன்னால் வார்த்தை வராமல் போனால் மனுஷன் உடைந்துவிடுவாரே!

"ஆடு" என்றார். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு... காணோம்." ஒரு விரலை நீட்டிக் காட்டினார். "போனார். தேடி... தேடி." அவர் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. "தூக்கி... வீட்டுக்கு."

சௌந்தரி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். இதே கதைக்கு அவர் எத்தனை தரம் விளக்கம் சொல்லியிருப்பார்! ஏன் தொண்ணூற்றொன்பது, எது வனாந்தரம், அந்தக் காலத்து மேய்ப்பர் வழக்கம் என்ன என்று போகும். அதற்குள் குக்கர் கத்திவிடும், அவள் உள்ளே ஓடிவிடுவாள். ஆடு வீடு வந்து சேர்ந்ததை அவர் வாயால் அவள் கேட்டது அன்றுதான்.

கூட்டத்தில் வழக்கமாகத் தூங்கி விழும் ஆட்டோக்காரர் இளவேனில் அன்று தூங்கவில்லை. "அவ்வளவுதாங்களா சார்?" என்று கேட்டார்.

ஆசீர்வாதம் யோசித்தார். நெற்றி வியர்த்தது. "நடக்க... சொல்லல" என்றார். "தூக்கிட்டார்."

இளவேனில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரும் விளக்கம் கேட்கவில்லை. வந்தவர்கள் போன பிறகு சௌந்தரி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நல்லாப் பேசினீங்க" என்றாள். அவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

இப்போது அவருக்கு ஓரளவு பேச்சு வந்துவிட்டது. கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னால் சில சமயம் கொத்தமல்லி வருகிறது, அவ்வளவுதான். அலமாரியில் இருக்கும் விளக்க நூல்களை அவரே தூசி தட்டி வைக்கிறார், அவற்றின் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. புதன்கிழமைக் கூட்டம் மறுபடியும் நடக்கிறது. சௌந்தரி ஒரு சின்னப் பகுதியை ரெண்டு தரம் வாசிக்கிறாள். கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருக்கிறார்கள். பிறகு யாராவது ஒருவர் தனக்குப் பட்டதைச் சொல்கிறார். போன வாரம் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. "பரவால்ல, நாளைக்குத் தோணும்" என்றார் ஆசீர்வாதம், ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல்.