ஸ்ரீமதிக்குக் கேட்ட மாத்திரை

பவானிக்கு வாய் ஜாஸ்தி. காடாம்புலியூரில் நாங்கள் வேலை பார்க்கும் முந்திரிக் கம்பெனியில் சூப்பர்வைசரே அவளிடம் பேச யோசிப்பார். உடைத்த கொட்டைக்கு எடை குறைத்துப் போட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். அப்பேர்ப்பட்டவள் வாயடைத்துப் போவது ஒரே ஒரு விஷயத்தில்தான். அது அவள் மகள் ஸ்ரீமதிக்கு வரும் வலிப்பு.

பிறந்த வாரத்திலேயே வந்துவிட்டது. எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதையே பவானி விட்டுவிட்டாள். பிள்ளை தெருவில் விழுந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க நாலு பேர் ஓடி வருவார்கள். திணித்துவிட்டு, யார் கண் பட்டதோ என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாவிக்கு வலிப்பு நிற்கும் என்றால் டாக்டர் எதற்கு? பள்ளிக்கூடத்திலும், சரியான பிறகு அனுப்புங்கள் என்று பக்குவமாகச் சொல்லிக் கழற்றிவிட்டார்கள்.

சிதம்பரத்து டாக்டர் தனக்குத் தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் புது மருந்து ஆராய்ச்சி நடக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். பவானியின் புருஷன் இளவரசு பலாப்பழ லோடு ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர்தான். அதனால் கடலூரில் பஸ் மாறிப் போகும்போதெல்லாம் துணைக்கு நான்.

அங்கே ஸ்வர்ணலதா என்ற டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"மூளையில இருக்கற செல்லுல பொட்டாசியம் வெளிய போறதுக்குன்னு வழி இருக்கும்மா. அது தொறந்தாத்தான் செல்லு அடங்கும். இவளுக்குப் பொறப்புலயே அந்த வழி சரியா தொறக்கல. இந்த மாத்திரை அதைத் தொறந்து வுடும்."

"வயல்ல மடை தொறந்து வுடறாப்லியா மேடம்?" என்றாள் பவானி.

"அப்படித்தான். ஆனா இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. என்ன கெடுதல் வரும்னு முழுசா எங்களுக்கே தெரியாது. ஒடம்புல எது மாறினாலும் ஒடனே சொல்லணும்."

மாத்திரை கேட்டது. வலிப்பு முதலில் குறைந்தது, அப்புறம் வரவே இல்லை. ஸ்ரீமதி சைக்கிள் கற்றுக்கொண்டாள், பள்ளிக்கூடம் போனாள், அங்கே ஒரு பெண்ணோடு சண்டை போட்டு டீச்சரிடம் அடி வாங்கினாள். அதைப் பவானி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து கதவைத் திறந்து வைத்தே குளித்தவள், அந்த வருஷம்தான் தாழ்ப்பாள் போட்டுக் குளித்தாள்.

மறு வருஷம் ஸ்ரீமதியின் நகங்கள் கறுநீலமாக மாறின. எங்கள் பக்கத்தில் விரல் கறுத்தால் யாருக்கும் டாக்டர் ஞாபகம் வராது. முந்திரிக் கொட்டையின் தோலிலிருந்து வடியும் எண்ணெய் எங்கள் எல்லோர் கையையும் அப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறது.

"கொட்டையில கைய வெக்காதன்னு எத்தினி தடவ சொல்றது?"

"நான் தொடவே இல்லம்மா."

"பொய் வேற பேசறியா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். தேங்காயெண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். விரல் சிவந்ததே தவிரக் கறை போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்: உடம்பில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா? "ஒண்ணும் இல்ல மேடம், நல்லா இருக்கா" என்பாள். அவள் மனசறிந்து அது பொய் இல்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா ஸ்ரீமதியின் கையைப் பிடித்தவர் விடவில்லை. உதட்டை இழுத்துப் பார்த்தார். கண் பரிசோதனைக்கு அனுப்பினார். கண்ணுக்குள் பின்பக்கத்திலும் அதே கறை படிந்திருந்தது.

"கொட்ட எண்ணன்னு நெனச்சேன் மேடம். முன்னாடியே சொல்லியிருந்தா சரியாயிருக்குமா?"

"முன்னாடியே மாத்திரைய நிறுத்தியிருப்போம். அவ்வளவுதாம்மா." டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "வேற ஊருங்கள்லயும் இந்த மாத்திரையால இதே மாதிரி வந்திருக்கு. மருந்துக் கம்பெனி ஆராய்ச்சியையே நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"இப்ப கண்ணு நல்லாத்தான தெரியுது அவளுக்கு?"

"இப்ப தெரியுது. இந்தக் கறை கூடிச்சுன்னா பார்வை போகலாம்."

"வலிப்பு வந்து கெணத்துல வுழுந்தா கண்ணு இருந்து என்னா மேடம் பண்ணப் போறா? நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். எது வந்தாலும் ஒங்களக் கேக்க மாட்டேன்."

"எங்கிட்ட மருந்தே இருக்காதும்மா. மிச்சம் இருக்கறதைத் திருப்பி அனுப்பணும்."

சூப்பர்வைசரை நடுங்க வைத்தவள் அந்தம்மா காலில் விழுந்தாள். தூக்கிவிட்ட டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கோபக்காரி. அன்றைக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வராந்தாவில் நின்று அழுதேன்.

அதைவிடக் கொடுமை பிறகுதான். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்தாம். பழைய மருந்தை ஆரம்பித்து, இதை வாரா வாரம் குறைத்துக்கொண்டே வரச் சொல்லி, அதற்கு மட்டும் கொஞ்சம் கொடுத்தார்கள். பிள்ளைக்கு நல்லது செய்த ஒரே பொருளைத் தாயே தன் கையால் பாதியாக்கி, காலாக்கிக் கொடுக்க வேண்டும். ஸ்ரீமதி பயந்துவிடுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை. சின்னத் துண்டைப் பார்த்து, "இவ்ளோண்டுதானா?" என்று கேட்டவளிடம், "ஒனக்குத்தான் நல்லாயிடுச்சே" என்றாள் பவானி. அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் அந்தத் துண்டும் நின்றது. பவானி வேலைக்கு வரவில்லை. பிள்ளை போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனாள். சைக்கிளைப் பூட்டி வைத்தாள். ஒன்றும் வராமல் நாட்கள் போனதில் எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. பழைய மருந்தே போதும் போலிருக்கிறது என்று சொல்லவும் சொன்னேன். "வாய வெக்காதக்கா" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்ரீமதி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டு உருண்டது. கத்தல் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து நான் ஓடியபோது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் பவானி. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. வெட்டி இழுத்து அடங்கும் வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்ரீமதி கண்ணைத் திறந்தாள். நாக்கு குழறியது.

"மாத்திரை குடுக்க மறந்துட்டியாம்மா?"

பவானி அவள் வாயைத் துடைத்தாள்.

"ஆமாண்டி தங்கம். மறந்துட்டேன்."

"நாளைக்கு மறக்காம குடு" என்று சொல்லிவிட்டு, அம்மா மடியிலேயே தூங்கிப்போனாள்.