ரேடியோவில் வந்த மருமகன்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பஞ்சாயத்து பேசப் போய், தலை சுற்றித் திரும்பி வந்தேன்.

சிவகாசியில் இருக்கும் என் அத்தை மகன் செல்வராஜ் போன் பண்ணியிருந்தான். காலண்டர் பிரஸ்ஸில் வேலை. மனைவி ஜெயராணி நர்ஸ். சாத்தூரில் அவளுடைய அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். மருமகன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சீசன்... ஆர்டர்... லோடு... எல்லாம் உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டபோது, அவள் பதில் இல்லாமல் நின்றாளே, அதுவும் உண்மைதானே?

விருதுநகரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பை வாசலுக்கு வந்துவிட்டது. அப்பா வீட்டுக்குப் போகிறாளாம். திரும்பி வருவதாக இல்லையாம்.

யார் பக்கம் பேசுவது? யோசிப்பதற்குள் அடுக்களை ரேடியோவில் அந்தப் பழைய குடும்ப நகைச்சுவைத் தொடர் ஆரம்பித்துவிட்டது. இவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்தது, இப்போது மறுஒலிபரப்பு. பொல்லாத நேரம் பாருங்கள் — அன்றைய கதையிலும் மாமனார் வீட்டுக்கு வர மறுக்கும் ஒரு மாப்பிள்ளை!

அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும்ண்ணே," என்றாள் ஜெயராணி.

கதையில், விசேஷத்துக்கு வராத கணவனின் செருப்பை மட்டும் எடுத்துப்போய் அப்பா வீட்டு வாசலில் விடுகிறாள் மனைவி. கேட்பவர்களிடம், அவர் உள்ளேதான் எங்கேயோ இருக்கிறார் என்கிறாள். வீடே மருமகனைத் தேடுகிறது. கட்டிலுக்கு அடியில்கூட. கடைசியில் மாமனார் அந்தச் செருப்பைப் பார்த்து, "மாப்பிள்ளை, ஒரு வாய் காபியாவது சாப்பிடுங்க," என்கிறார்.

ஜெயராணி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செல்வராஜும் சிரித்தான். நானும்.

அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

முடிந்தது தொடர் மட்டும்தான். விளம்பரம் வந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள்.

"மயக்கம் தெளிஞ்சதும் எங்கப்பா ஒங்களத்தான் கேட்டாக."

செல்வராஜ் பிரஸ்ஸுக்குப் போன் போட்டு, நாளைக்கு வரமாட்டேன் என்றான். அந்தப் பக்கம் சத்தம் போடுவது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டான். அவள் தடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

அந்தக் கதையை எழுதியவர் காலண்டர் சீசனைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். எந்தக் காலத்திலோ எழுதியது, எப்படி இந்த அடுக்களைக்கு வந்து இரண்டு பேரையும் ஒரே இடத்தில் சிரிக்க வைத்தது? அவன் மனம் மாறியது அந்தச் சிரிப்பாலா, அவள் சொன்ன அந்த ஒரு வரியாலா? எனக்குப் பிடிபடவே இல்லை.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். ஜன்னலோரம் அவள், பக்கத்தில், மடியில் பையோடு அவன். சமாதானம்தானா என்று மெதுவாகக் கேட்டேன்.

"சிரிச்சது வேற, கோவம் வேறண்ணே. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீக."

பஸ் கிளம்பிவிட்டது... பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டவர்கள், தீர்ப்பு என்னவென்று எனக்குச் சொல்லாமலே போய்விட்டார்கள்!