கத்தி பார்த்துக் கொடுத்த அண்ணன்

அண்ணனின் தலைத்திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், வர முடியாமல் துபாயிலிருந்தே இதைப் படிக்கப்போகும் அண்ணனின் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம்.

மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அண்ணன் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்து நான் பேசித் தீர்த்துவிட்டேன் என்பது எங்கள் வீட்டுப் பழைய கேலி. சரி, எழுதுகிறேன். ஆனால் அண்ணன் எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகியவர், எப்போதும் சிரித்த முகம் என்றெல்லாம் எழுத எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் தனியாக இருந்தார். கல்யாண வீட்டிலும் தனியாக இருந்தார். ஏன் அப்படி இருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. திமிர் என்று சொன்னவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்கள் இதைக் கடைசிவரை படிக்க வேண்டும்.

அண்ணன் பிறந்தது அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், எங்கள் அம்மாவின் ஊரில். முட்டை வாசனைகூட நுழையாத சைவக் குடும்பம். அப்பா காலமானபோது அண்ணன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை விட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலம் விசா வாங்கி துபாய்க்குப் போனார். அங்கே அல் கூஸ் பகுதியில் ஒரு கடை. கூடாரம், தண்ணீர் டிரம், வல்லூறுக்குப் போடும் தோல் தொப்பி, அடுப்பு என்று பாலைவனத்துக்கும் வேட்டைக்கும் போகிற அரபிகளுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அண்ணனுக்குக் கொடுத்த பிரிவு, கத்தி. வேட்டையாடிய மானையும் முயலையும் தோலுரிக்க ஒரு கத்தி, துண்டு போட ஒரு கத்தி, எலும்பை ஒட்டி இறைச்சி எடுக்க ஒரு கத்தி.

முதல் லீவில் வந்து இதைச் சொன்னபோது அம்மா நறுக்கிக்கொண்டிருந்த காயைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

"கத்தி விக்கது ஒரு பொழைப்பு, விக்கட்டும். ஆனா உயிரை அறுத்த ஒடம்புல கை வச்சுட்டு அந்தக் கையோட என் அடுக்களைக்குள்ள வரக் கூடாது. என் பந்தியில ஒக்காரவும் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"நான் விக்கத்தானம்மா செய்யுதேன். நான் எதுக்குத் தொடப்போறேன்?" என்று அண்ணன் சிரித்தார். அன்றைக்கு அந்தச் சிரிப்பில் ஒரு பயமும் இல்லை.

கத்திரிக்காய்கூட நறுக்கியறியாத அண்ணன் கத்தி பார்க்கக் கற்றுக்கொண்ட கதையை என் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். நான் கல்யாணமாகி பர் துபாய்க்கு வந்த புதிது. விடுமுறை நாளில் அண்ணன் வருவார். ஒரு கையில் கடைக்கு வந்த புதுக் கத்திகள், மறு கையில் பலாப்பழமோ சேனைக்கிழங்கோ. தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்து சோதனை ஆரம்பமாகும்.

"ஏளா, இங்க பாரு. தோலுரிக்கத கத்தின்னா உள்ளங்கை நீளம் போதும். நீளமா இருந்தா முனை எங்க போகுதுன்னே தெரியாது. வாய் இப்படி வளைஞ்சு தொந்தி மாதிரி இருக்கணும். அப்பத்தான் தோலை மட்டும் பிரிக்கும், சதையில இறங்காது."

"அண்ணே, நாம பலாப்பழம்தானே திங்கப்போறோம்?" என்பேன்.

"சும்மா கேளு. வயித்தைக் கீறுத கத்திக்கு முனை ரொம்பக் கூரா இருக்கக் கூடாது. குடல் பொத்துக்கிட்டா கறி பூராவும் வீணாம். மடக்குக் கத்தியே ஆகாது. மடிப்புல கொழுப்பு போய் ஒக்காந்தா கழுவ முடியாது."

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் சேனை மசியல், சேனை வறுவல், சேனைப் பொரியல்தான். இப்படிக் காயிலும் பழத்திலும் பார்த்தே அண்ணன் தேறிவிட்டார். பாலைவனத்து மிருகத்தின் ரோமத்தில் மணல் இருக்கும், அது எந்தக் கூர்மையையும் மழுக்கிவிடும். அதனால் நடுவழியில் ஒரு சின்னக் கல்லில் தீட்டிக்கொள்ளும்படியான இரும்பாக இருக்க வேண்டும் என்பார். தோலுறை இரத்தத்தை உறிஞ்சி நாற்றமெடுக்கும், பிளாஸ்டிக் உறைதான் நல்லது என்பார். அரபிகள் கடைக்குள் வந்ததும் அண்ணனைத்தான் தேடினார்கள்.

அப்படித் தேடி வந்தவர்களில் ஒரு பெரியவர். கடையில் எல்லோரும் அவரை பாபா என்று அழைப்பார்கள். அனுமதியோடு மான் வேட்டை நடக்கும் பண்ணை ஒன்றுக்கு வருஷா வருஷம் போகிறவர். அவருக்கு அண்ணன் ஒரு கத்தி எடுத்துக் கொடுத்தார். வழவழவென்று இழைத்த மரப்பிடி. பிடியை அண்ணன் தண்ணீரில் நனைத்துப் பிடித்துப் பார்த்திருந்தார். பலாப்பால் பட்ட கையோடும் பிடித்துப் பார்த்திருந்தார். வழுக்கவில்லை.

பலாப்பால் ஒட்டும். மானின் கொழுப்பு வழுக்கும். சைவ வீட்டில் பிறந்த ஒருவருக்கு மட்டுமே இந்தத் தப்பு நேர முடியும். பண்ணையில் தோலுரித்துக்கொண்டிருந்தபோது பாபாவின் கை பிடியிலிருந்து நழுவி கத்தியின் வாய் மேலேயே ஓடிவிட்டது. விரல் நரம்பு அறுந்துபோனது. தையல் போட்டும் அந்த விரல் பிறகு மடங்கவே இல்லை.

கட்டுப் போட்ட கையோடு பாபா கடைக்கு வந்தார். வேலை போய்விட்டது என்றே அண்ணன் நினைத்தாராம். பாபா சத்தம் போடவில்லை. தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாராம்: "இந்தக் கத்தியை நீ எதில் வைத்துப் பார்த்தாய்?" அண்ணன் உள்ளதைச் சொன்னார். பலாப்பழம் என்பதைக் கேட்டு பாபா சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு, "என் மகனும் உன்னிடம்தான் கத்தி வாங்கப்போகிறான். அடுத்த முறை நீ என்னோடு வா. உன் கையால் பிடித்துப் பார். கலாஸ், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் அன்று என் வீட்டுக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வேறு பிரிவுக்கு மாற்றித் தரச் சொல்லலாமே என்று நானும் என் வீட்டுக்காரரும் சொன்னோம். அண்ணன் கேட்கவில்லை.

"அந்த விரலைப் பாத்தேன் ளா. இன்னொருத்தருக்கு அப்படி ஆயிட்டா என்ன செய்ய? தெரியாமக் கொடுத்தேன்னு ஒரு தடவை சொல்லலாம்."

அடுத்த வேட்டைக்கு அண்ணன் பாபாவோடு போனார். மானை அறுத்தது பாபாவின் ஆள், அவர்கள் வழக்கப்படி இறைவன் பெயரைச் சொல்லி. அது அண்ணனின் வேலையும் இல்லை. ஆனால் தொங்கவிட்ட மானின் தோலை உரித்தது அண்ணன். ஒவ்வொரு கத்தியையும் கொழுப்பிலும் இரத்தத்திலும் பிடித்துப் பார்த்தார். அதன்பின் கடைக்குப் புதிதாகக் கத்தி வரும்போதெல்லாம், கடையிலிருந்து சிறிது தூரத்தில் இருந்த ஆட்டுக் கசாப்புக் கூடத்துக்குப் போய், அங்கே தோலுரிக்கும் பெஷாவர்க்காரர் கான் பாயோடு சேர்ந்து சோதித்துப் பார்ப்பார். சொரசொரப்பான பிடியும், விரல் முன்னால் ஓடாதபடி தடுக்கும் மேடும் இல்லாத கத்தியை அவர் யாருக்கும் எடுத்துக் கொடுக்கவே இல்லை. அவர் கொடுத்த கத்தியால் பிறகு ஒருவர் கையும் அறுபட்டதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

ஆனால் பண்ணையிலிருந்து திரும்பிய வாரமே என் வீட்டில் அண்ணன் சாப்பாட்டு மேஜைக்கு வரவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார். "இது அம்மா வீடு இல்லையே, உள்ள வாங்க" என்று கத்தினேன். "எல்லாம் ஒரே அடுக்களைதான் ளா" என்றார். அண்ணன் ஒரு நாளும் மாமிசம் சாப்பிட்டவர் இல்லை. அம்மாவின் சொல்லை மீறிய பின்னும் அம்மாவின் சொல்படியே நடந்தார். தண்டனையை அவரே எடுத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்தாலும் அப்படித்தான். அடுக்களை வாசலைத் தாண்ட மாட்டார். பந்தி போட்டால் வயிறு சரியில்லை, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று மாடிக்குப் போய்விடுவார். பெண் பார்த்துவைத்த இடங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தார். வருகிறவள் அடுக்களைக்குள் போகாத புருஷனை எப்படிப் புரிந்துகொள்வாள் என்று என்னிடம் மட்டும் ஒருமுறை கேட்டார். துபாய் பணம் கண்ணை மறைத்துவிட்டது என்று உறவில் பேசினார்கள். அண்ணன் காதில் அது விழாமலா இருக்கும்?

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அம்மாவே கண்டுபிடித்துவிட்டார். ஒரு லீவில் பின்கட்டில் பெரிய பலாப்பழம் ஒன்று அறுக்க ஆளில்லாமல் கிடந்தது. அண்ணன் உட்கார்ந்து அறுத்தார். கத்தியால் ஒரு கீறல். பிறகு கைமுட்டியை மடக்கி, தோலுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் கொடுத்து, கசாப்புக் கடைக்காரர் ஆட்டுத் தோலை உரிப்பதுபோலத் தள்ளித் தள்ளிப் பிரித்தார். அம்மா தூணோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே வந்து என்னிடம் மெல்லச் சொன்னார்:

"அது பழம் உரிக்கத கை இல்ல ளா."

நடந்ததையெல்லாம் சொன்னேன். பாபாவின் விரலையும் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும்மா, ஓடி வந்துருவாங்க" என்றேன்.

"அவனா வந்து சொல்லட்டும். நானாக் கேட்டா அவனைக் கூண்டுல நிக்க வச்ச மாதிரி ஆயிரும். நீயும் வாயைத் தொறக்காத."

அண்ணன் சொல்லுவார் என்று அம்மா காத்திருந்தார். அம்மா கேட்டுவிடக் கூடாதே என்று அண்ணன் பயந்திருந்தார். ஒவ்வொரு லீவும் இப்படியே போனது. அண்ணனுக்குப் பிடித்த மோர்க்குழம்பை அம்மா வைப்பார், மாடிக்குக் கொடுத்துவிடுவார். பாத்திரம் காலியாகித் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்ப்பார். இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வரும். இன்றைக்கும் அந்த ஆத்திரம் போகவில்லை.

அம்மா காலமானபோது அண்ணன் வந்து சேர்ந்து காரியமெல்லாம் குறைவின்றிச் செய்தார். எல்லாம் முடிந்து உறவினர் கலைந்த பிறகு, இனி யாருக்காக வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நான் சொல்லிவிட்டேன். "அண்ணே, அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ரொம்ப வருஷமாத் தெரியும்" என்றேன். மனசு ஆறும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சுமா கூப்பிடல?"

அவ்வளவுதான் கேட்டார். அம்மா சொன்ன காரணத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். லீவு மிச்சம் இருக்கும்போதே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு துபாய்க்குப் போய்விட்டார். அதன்பின் அண்ணன் ஊருக்கு வரவே இல்லை.

கடைசி ஆண்டில் சிறுநீரகம் பழுதாகி அண்ணன் மிகவும் மெலிந்துபோனார். என் வீட்டுக்கு வரச் சொல்லி அழுதும் பார்த்தேன், சண்டையும் போட்டேன். அல் கூஸ் ரூமை விட்டு அவர் வரவில்லை. கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கத்தி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தோம். அங்கே நான் ஊட்டிய கஞ்சியை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ஒரு காலை நேரத்தில், தூக்கத்திலேயே அண்ணன் எங்களை விட்டுப் போனார்.

அண்ணனை ஊருக்குக் கொண்டுவரத் தேவையான தாள்களுக்காக அலைந்த கடைத் தோழர்களுக்கும், விமான நிலையத்திலிருந்து வீடு வரை உடன் வந்த சித்தப்பா வீட்டாருக்கும், பதினாறு நாளும் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. விரல் மடங்காத கையால் என் தலையைத் தொட்டு ஆறுதல் சொன்ன பாபாவுக்கும் என் நன்றி.

இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். காரியம் முடிந்து துபாய்க்குத் திரும்பியதும், என் வீட்டுக்காரரோடு கசாப்புக் கூடத்துக்குப் போனேன். கான் பாய் எங்களைப் பின்பக்கம் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார். மதியச் சாப்பாட்டு நேரம். தரையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் விரிப்பு. இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"உங்க அண்ணன் உட்கார்ற இடம், பெஹன். தினமும் எங்களோடதான் சாப்பிடுவார்" என்றார் கான் பாய் இந்தியில், என்னைத் தங்கை முறை சொல்லி.

அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பானையை எடுத்துக் காட்டினார். அண்ணனுக்குப் பருப்பு வைப்பதற்கென்றே வாங்கியதாம். "இதில் இறைச்சி பட்டதே இல்லை. கரண்டிகூடத் தனி. இன்றைக்கும் வேறு எதற்கும் எடுக்கவில்லை."

நாங்கள் யாரும் அண்ணனை உட்கார வைக்காத பந்தியில், ஆடு உரிக்கிற மனிதர்கள் அவரை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது. கான் பாய் அந்தப் பானையிலேயே பருப்பைக் கொதிக்க வைத்தார். நான் அண்ணனின் இடத்தில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து, அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டேன்.